தொட்டி மண்ணில் கிடந்தது

ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பதால் குடியிருப்பில் எல்லோரும் அவளைச் சோப்பம்மா என்றே கூப்பிட்டார்கள். யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளின் கறையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு மரத்துப் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தட்டில் ஒரு முடி கிடந்தால் போதும், அன்றைய சாப்பாடு அவ்வளவுதான்.

லாரி ஓட்டும் புருஷன் போன கோடையில் ஒரு அடுக்குச் செம்பருத்தியை வாங்கிவந்து கொடுத்துவிட்டு வண்டியேறிவிட்டான். குளிர் தாங்காத செடி. பனிக்காலம் முழுவதும் அது மாடியில் மாமனாரின் அறையில், கட்டிலையொட்டிய ஜன்னலோரம் தொட்டியில் இருந்தது. தண்ணீர் ஊற்றுவதைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னபோது, கிழவருக்குப் பொழுதாவது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பனி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கீழே இறக்கி, வாசலோர மண்ணில் குழி வெட்டினாள். முதலில் கவாத்து. கிளையைப் பிடித்ததுமே விரல் பிசுபிசுத்தது. கணுவுக்குக் கணு, பஞ்சைப் பிய்த்து அப்பியதுபோல் மாவுப்பூச்சி. வழித்தால் நசுங்கி நகக்கண்ணில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு காய்ந்த குச்சிகளை அடியோடு நறுக்கினாள். நெடுநெடுவென்று போன கிளைகளை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டிக் குட்டையாக்கினாள்.

பிறகு தொட்டியைச் சாய்த்துத் தட்டினாள். வேர்க்கட்டு நழுவியது. கூடவே புளித்த நாற்றம். உதிர்ந்த மேல்மண்ணில் வெள்ளையாக ஏதோ கிடக்க, உரக்கட்டியென்று கையில் எடுத்தாள். மாத்திரை. பாதி கரைந்து, எச்சிலும் சளியும் காய்ந்து, பூசணம் பூத்த மாத்திரை. கிளறக் கிளற இன்னும் வந்தது. சுவரோரம் ஓடினாள், காலையில் குடித்த காபி அப்படியே வெளியே வந்தது.

தினமும் மாமனாருக்கு அவள் கையாலேயே கொடுத்த மாத்திரைகள். கையைக்கூடக் கழுவாமல் மாடியேறினாள்.

"நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுத் துப்பினீங்களா மாமா? நான் என்ன இளிச்சவாயா?"

அவர் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "முழுங்கினா குமட்டுதும்மா. ஒருநாள் படுக்கையிலயே வாந்தி எடுத்துட்டேன். நீ மூக்கைப் பொத்திக்கிட்டு, நுனிவிரல்ல துணியத் தூக்கிட்டுப் போன. அதுக்கப்புறம் உங்கிட்டச் சொல்ல மனசு வரல."

அவளுக்கு அருவருப்பு அடங்கவில்லை, அதில் பாதி இப்போது அவள்மேலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

கீழே செடி வேர் தெரிய வெயிலில் கிடந்தது. பழைய மண்ணை உதறி, வேரை அலசி, குழியில் நிறுத்திப் புதுமண் தள்ளினாள். காலால் மிதித்து இறுக்கித் தண்ணீர் விட்டாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இருவரையும் ஒருசேரக் கடிந்துகொண்ட டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். குமட்டல் நின்றது. செடி கொஞ்சநாள் வெறும் குச்சியாக நின்று பயமுறுத்திவிட்டு, பிறகு துளிர்த்தது.

இப்போதெல்லாம் மாத்திரை விழுங்கியதும் மாமனார் வாயை ஆவென்று திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டுகிறார். பல்லில்லாத ஈறும், வெள்ளை படிந்த நாக்கும், ஓரத்தில் ஒட்டிய ரொட்டித் துணுக்கும். மூக்கைப் பொத்தப் போன கையை அவள் பாதியில் இறக்கிக்கொள்கிறாள்.

"போதும் மாமா, மூடுங்க."

"நல்லாப் பாத்தியாம்மா?" என்று அவர் மறுபடி திறக்கிறார்.