ஆயில் லைட் மேல் ஒட்டிய டேப்

ரேஸின் ஒன்பதாவது லேப்பில் எங்கள் கார், டீம் நிற்கிற பிட்டைத் தாண்டிப் போனபோது பின்னால் வெள்ளைப் புகை தெரிந்தது. சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் சொட்டினால் வரும் புகை. அந்த வாடையை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

டிரைவருக்குச் செய்தி காட்டும் போர்டு என் கையில்தான் இருந்தது. ஆனால் அதில் என்ன எழுதுவது என்பதை ஓனர்தான் சொல்ல வேண்டும். எங்கள் டீமில் அப்படி ஒரு சட்டம்.

"சார், காடிய உள்ள கூப்ட்றலாம். ஆயில் போவுது."

"இன்னும் ஆறு லேப்தான் தாஸ். ரெண்டாவதா ஓடிட்டிருக்கோம். எஞ்சின் போனா என் எஞ்சின்தானே போவுது? உனக்கென்ன? சும்மா இரு."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற மனுஷர். நான் 'இரண்டாவது இடம்' என்று போர்டில் போட்டுத் தூக்கிக் காட்டினேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அடுகோடியில் இருந்த அவருடைய ஒர்க் ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். ரேஸுக்கு முதல் நாள் பிராக்டிஸில், ஆயிலில் கோளாறு என்றால் டாஷ்போர்டில் எரியும் ஆயில் லைட் விட்டு விட்டு எரிகிறது என்று டிரைவர் நவீன் பாதியில் உள்ளே வந்துவிட்டான். ஓனர் குதித்தார்.

"லைட்டு கண்ணடிச்சா ஓடியாந்துடுவியா? அதென்ன உன் லவ்வரா?"

பிறகு என்னைப் பார்த்தார். அந்த லைட்டை எரிய வைக்கும் சுவிட்ச் எஞ்சினில் இருக்கும்; அதைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். எனக்கு உடம்பு வளையவில்லை.

"பழைய காடி சார். அந்த சுவிட்ச் அப்பப்ப சும்மாவே எரியும்," என்றேன். பெரும்பாலும் அது உண்மைதான். அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"அப்ப அது மேல டேப் ஒட்டு. பாத்தாதானே இவன் பயப்படுவான்."

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து லைட் மேல் ஒட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டாவது லேப். எங்களுக்குப் பின்னால் வேறு டீமின் ரவி வந்துகொண்டிருந்தான். ஒக்கலிபுரத்துப் பையன், சொந்தக் காரைத் தானே தயார் பண்ணி ஓட்டுகிறவன். வளைவில் எங்கள் ஆயில் மேல் அவன் வீல் ஏறியது. கார் சுற்றிக்கொண்டு போய் டயர் அடுக்கில் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாங்கள் இரண்டாவது வந்தோம்.

ஓனர் கப்புக்கு மாலை போட்டு ஒர்க் ஷாப் வாசலில் வைத்தார். "பாத்தியா? நிறுத்தியிருந்தா இது வந்திருக்குமா?"

நான் போய் எங்கள் காரின் பானெட்டைத் திறந்தேன். சுவிட்ச் விரிசல் விட்டு, அதன் வழியாகத்தான் ஆயில் கசிந்திருக்கிறது. லைட் சும்மா எரியவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு முகம் வந்தது. ரவி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"கார்னர்ல லேட்டா பிரேக் வெச்சிட்டேண்ணா. எல்லாம் என் தப்புதான். இனிமே வீட்ல காடிய தொடவே வுட மாட்டாங்க."

மூன்று வாரமும் தன்னையே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்!

"தப்பு உன்னுது இல்ல ரவி. அது எங்க காடி ஆயில். புகைய பாத்துட்டும் ஓட வுட்டோம்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இப்போது ரேஸுக்கு வருகிற பிள்ளைகள், பாதியில் காரை வாபஸ் வாங்குவது கோழைத்தனம் இல்லையா என்று கேட்கிறார்கள். வீரமாம்! யார் கால் முறிய யாருக்கு வீரம்? கோளாறு தெரிந்தால் அந்த லேப்பிலேயே உள்ளே கூப்பிடுங்கள். எஞ்சின் உங்களுடையதுதான். டிராக் உங்கள் ஒருவருக்கா சொந்தம்? போர்டைப் பிடித்திருக்கிறவன் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒர்க் ஷாப்புக்கு வந்தேன். லைட் மேலிருந்த டேப்பைப் பிய்த்து, கப்பில் டீம் பெயர் வெட்டியிருந்த இடத்தில் ஒட்டினேன். மறுநாள் காலையில் ஓனர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் கத்தினார்.

"எவன்டா இத ஒட்டுனது?"

"நான்தான் சார்," என்றேன். "ரெண்டு எடத்துலயும் நான்தான் ஒட்டுனேன்."