உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ஒரு கல்வெட்டு

இரண்டு மாதத்துக்கு முன் நான் ஒரு பிள்ளையைச் சாகடித்துவிட்டேன்.

பொலிசுக்குப் போன் எடுத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை போன சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, என் மனைவி சுட்ட உளுந்து வடையில் பாதியை முடித்துவிட்டுத்தான் போனது. நல்ல சுகம்.

வழக்கமாக இந்தப் பத்திரிகையில் என் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னுடைய இன்னொரு தொழிலும் தெரியும். லண்டனில் நம்மவர் யாராவது காலமானால், முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரை — கல்வெட்டு என்போமே, அதை — எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். பிளேஸ்டோவிலிருந்தும் வருவார்கள், வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் வருவார்கள். காலமானவர் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனை ஒருநாளும் நிம்மதியாக விடாதவராக இருக்கலாம்... என் கையில் கிடைத்தால் அவர் சாந்த சொரூபிதான்.

இந்த வருடம் நான் நிறையவே எழுதினேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் குலம் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ரெய்னர்ஸ் லேனில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும் என்பது வேறு விஷயம். ஜேர்மனியில் நன்றாக இருந்தவர், மகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து கடை போட்டார். ஆறடி உயரம். அதற்கேற்ற மீசை. ஓடும் கோயில் தேரை நிறுத்தச் சில்லுக்குக் கட்டை போடுவது அவர்தான். வேறு யாருக்கும் அந்தத் துணிவு இல்லை.

"அண்ணை, தர்சினி பல் டொக்டருக்கு அப்ளை பண்ணுறாள். பெர்சனல் ஸ்டேட்மென்ட் எண்டு ஒண்டு கேக்கிறாங்கள். நீங்கள்தான் எழுதித் தரோணும்."

"அது பிள்ளை எழுத வேண்டியதல்லோ குலம்?"

"அவளுக்கு ஒண்டும் வருதில்லையாம். செத்த ஆக்களைப் பற்றி எவ்வளவு வடிவா எழுதுறியள்! உயிரோட இருக்கிற பிள்ளையைப் பற்றி எழுத ஏலாதோ?"

தலையை ஆட்டிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மார்க் மட்டும் போதாது. நான் யார், ஏன் இதைப் படிக்க ஆசைப்படுகிறேன், என்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மாணவரே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அதாவது, தன்னைத் தானே புகழ வேண்டும். நம் வீடுகளில் "சும்மா புளுகாதை" என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் போய் இதைக் கேட்டால் எப்படி வரும்?

தர்சினிக்கு அந்த ஒரு பக்கம் மிக முக்கியம். கோடையில் எழுதிய பரீட்சையில் மார்க் ஒரு படி குறைந்துவிட்டது. படிக்க வேண்டிய கிழமைகளில் அவள் வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு எதிரே, ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் எல்லோரோடும் றோட்டில் நின்றாள். ஸ்டேட்மென்ட் நன்றாக அமைந்தால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

உட்கார்ந்தேன். எழுதினேன். நான் எழுதியது இங்கிலிஷில்தான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

'பனைமரங்கள் சூழ்ந்த வடபுலத்துக் கிராமமொன்றைப் பூர்வீகமாகவும், ஜேர்மனியைப் பிறப்பிடமாகவும், ரெய்னர்ஸ் லேனை வதிவிடமாகவும் கொண்ட செல்வி தர்சினி, குலம் - ராணி தம்பதிகளின் பாசமிகு மகளும், கனடா, நோர்வே, சுவிஸ் ஆகிய நாடுகளில் வசிக்கும் பெரியப்பாமாரின் அன்புப் பெறாமகளும் ஆவார். சிரித்த முகத்தோடு எல்லோருடனும் பழகினார். பல் வைத்தியராக வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவாக இருந்தது...'

கை தன் பாட்டில் எழுதியது. என்னை நம்புங்கள், எழுதி முடித்தபோது நானே ஒருமுறை மூக்கைச் சிந்தினேன்.

குலம் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "அருமை அண்ணை. ஆனா டென்மார்க்கில இருக்கிற சித்தப்பாவை விட்டுட்டியள். கோவிப்பார்." அவரையும் சேர்த்தோம். மகளுக்கு ஒரு சொல் சொல்லாமல், குலம் அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் வகுப்பு ஆசிரியை அதைப் பிரித்திருக்கிறார். முதல் பந்தியிலேயே முகம் வெளிறிவிட்டதாம். காலையில் பெயர் கூப்பிட்டபோது இருந்த பிள்ளையல்லவா? அவசரமாக வகுப்புக்கு ஓடினால், தர்சினி கடைசி வாங்கில் இருந்து கிறிஸ்ப்ஸ் தின்றுகொண்டிருந்தாளாம்.

ஆசிரியை அவளைக் கூட்டிப்போய், இருக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டு, பிறகு கடதாசியைக் காட்டினாராம். "உன் பெரியப்பாமாரையும் சித்தப்பாவையும் பற்றி நிறைய அறிந்துகொண்டேன். உன்னைப் பற்றித்தான் இதில் ஒன்றுமில்லை" என்றாராம்.

அன்று பின்னேரம் குலத்தின் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். என் கெட்ட நேரம்! தர்சினி கல்லாவில் நின்றாள். கடதாசியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமா... ஆம் ஐ டெட்?"

குலம் மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால் மறையப் பார்த்தார். ஆறடி மனிதர் எங்கே மறைவது?

"அனுப்ப இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு மாமா. திஸ் இஸ் மை லைஃப்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டு மாதிரி எழுதித் தள்ளிவிட்டேனே, கோதாரி.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்வெட்டு எழுதப் போகும் வீடுகளில் கேட்கிற அதே கேள்வியைக் குலத்திடம் கேட்டேன்.

"குலம், பிள்ளையை நினைச்சா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?"

"மாமா, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றாள் தர்சினி.

"நல்ல பிள்ளை. சொல் கேக்கும்" என்றார் குலம்.

"அது எல்லாப் பிள்ளைக்கும் சொல்லுறது. வேற?"

அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்தார். வைத்தார். கடையில் ஆள் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"லண்டனுக்கு வந்த புதுசு. எனக்குப் பல்லுக் கொதி. ஜேர்மன் தெரியும், இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. இவள் பள்ளிக்கூடத்தில கொஞ்சம் பிடிச்சிட்டாள், நாலாம் வகுப்போ என்னவோ... இவளைத்தான் பல் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் சொல்லச் சொல்ல இவள்தான் எனக்குத் தமிழில சொன்னவள். ஊசியைக் கண்டவுடன நான்..."

"அப்பா அழுதவர்" என்றாள் தர்சினி.

"கண் கலங்கினது."

"அப்பா! நர்ஸ் பக்கத்து றூமில இருந்து ஓடி வந்தவ!"

"சரி, அழுதனான்! இவள்தான் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அப்பா, எண்ணுங்கோ, எண்ணி முடிய எல்லாம் முடிஞ்சிடும்' எண்டு சொன்னவள். பெரிய மனிசி மாதிரி. அண்டைக்கே நினைச்சனான், இவள் பெரிய ஆளா வருவாள் எண்டு."

தர்சினி தகப்பனைப் பார்த்தாள். "நீங்கள் எனக்கு இதைச் சொன்னதே இல்லையே."

"சொன்னா நாவூறு பட்டிடும்" என்றார் குலம், மிகச் சாதாரணமாக.

பார்த்தீர்களா? இதுதான் நம் பிரச்சினை. உயிரோடிருப்பவரைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். ஆள் போன பிறகு, பளபளப்புத் தாளில், கலர் படத்தோடு அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் ஒரு பிரதி போய்ச் சேர்வதில்லை.

"இதை எழுதட்டோ அப்பா?"

"உனக்கென்ன விசரே? மானம் போயிடும்! நாளைக்கு அந்த யூனிவர்சிட்டிக்காரன் எங்கட கடைக்கு அரிசி வாங்க வந்தால்?"

பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெய்னர்ஸ் லேனுக்குப் பொன்னி அரிசி வாங்க வருவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

தர்சினி கடதாசியை மடித்தாள். கல்லாவுக்குத் திரும்பிப் போனாள். குலம் மீசையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார், மகளைப் பார்த்து அல்ல.

"அண்ணை, அந்தக் கிழமையள் அவளை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே. படிக்கோணும் அப்பா எண்டவள். நான்தான், சனம் சாகுது, படிப்பு என்ன படிப்பு எண்டனான். மார்க் குறைஞ்சது என்னால..." பெருமூச்சு விட்டார். "எழுதச் சொல்லுங்கோ. அழுததையும் எழுதட்டும்."

அந்த இரவே எழுதி முடித்தாள். முழுக்க அவளே எழுதினாள். எனக்கு ஒரு கமா போடக்கூட அனுமதி இல்லை. பெரியப்பாமார் ஒருவரும் அதில் இல்லை. டென்மார்க் சித்தப்பா இன்னும் கோபமாக இருக்கிறாராம்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இருந்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் அப்பாவின் பல் இப்போது எப்படி இருக்கிறது?" போன கிழமை கடிதம் வந்தது. கடைசிப் பரீட்சையில் கேட்ட மார்க் எடுத்தால் இடம் உண்டு. எடுப்பாள். இதைச் சொல்லத்தான் சனிக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது குலம் என் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, ஒரு உதவி. நாளைக்கு என்ர கல்வெட்டையும் நீங்கள்தான் எழுதுவியள். அதில மட்டும் இந்தப் பல்லுக் கதையைப் போட்டிடாதேங்கோ."

சத்தியமாகப் போட மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

கல்வெட்டில்தானே வேண்டாம் என்றார்... இந்தப் பத்தியைப் பற்றி மனிதர் ஒன்றும் சொல்லவில்லையே!