பத்தினிப்பிள்ளையின் விருப்பத்தைச் சொன்ன சாமித்தம்பி

மாங்கேணியில் சாமித்தம்பி குடியிருக்கும் வீடு மனைவி பத்தினிப்பிள்ளையின் சீதனம். கலியாணத்தன்று ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறியவர். முப்பது வருடமாக, வலையை எங்கே காயப்போடுவது என்பதைக்கூட அவளிடம் கேட்டுத்தான் செய்வார். நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தவறமாட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஆண்டவன் எங்கிருந்தோ ஒரு அதிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டான்.

பத்தினிப்பிள்ளைக்கு மார்பில் புற்றுநோய். இடது மார்பை எடுத்தாயிற்று. காயத்து நீர் வடிய ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு போத்தல். வீட்டுக்குப் போனாலும் சில நாள் அது இருக்கும். தினமும் நீரை அளந்து ஊற்றவேண்டும். அதை எங்கே, யார் செய்வது என்று நோயாளியிடம் கேட்கவேண்டுமாம். அதற்கென்று ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு படிவமும் இருந்தது.

தாதி கேதீஸ்வரி படிவத்தோடு வந்தார். கட்டிலில் கிடந்தவளை விட்டுவிட்டு, காலடியில் நின்ற சாமித்தம்பியைப் பார்த்தார்.

"ஐயா, அம்மாட விருப்பம் என்ன?"

"கல்லடியில என்ட தங்கச்சி இரிக்கா, மிஸ். அங்க வெச்சுப் பாப்பம். இவட விருப்பமும் அதுதான்."

நோயாளியின் விருப்பம் அழகான எழுத்தில் பதிவாயிற்று. நோயாளி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள்.

புருஷனின் தங்கச்சியான அந்தக் கல்லடி மச்சாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் காலையில் கண்டது மத்தியானத்துக்குள் வாகரை வரைக்கும் போய்விடும். வெட்டின நெஞ்சை அந்தக் கண்ணுக்கா காட்டுவது? அது மட்டும் நடக்கக்கூடாது என்றுதான் பத்தினிப்பிள்ளை கண்ணகை அம்மனிடம் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"தங்கச்சிக்குச் சொல்லிக்குடுக்க நீங்க பழகுங்க, ஐயா" என்று கேதீஸ்வரி போத்தலைத் திறந்தார். சிவந்த நீர் ஆடியது. சுறாவின் குடலை வெறுங்கையால் உருவுகிற சாமித்தம்பி, "கொஞ்சம் வெக்கையா இரிக்கி, மிஸ்" என்றபடி கட்டில் ஓரத்தில் சரிந்தார்.

பத்தினிப்பிள்ளை மெல்ல எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். போத்தலை வாங்கி அளவுக் குவளையில் ஊற்றினாள். குவளையின் அளவுக் கோட்டைப் பார்த்து "நாப்பது" என்றாள். போத்தலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினாள்.

"மூணு நாளா நீங்க செய்யிறதப் பாத்துக்கொண்டுதான் கிடந்தன், மிஸ்."

"இத முதலே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீங்க கேட்டது அவரிட்டயல்லவா? அவருக்கு எல்லாம் தெரியும். முதல்ல அவருக்குத் தண்ணி குடுங்க."

கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, எழுதியதைக் கோடிட்டு வெட்டினார். "இப்ப சொல்லுங்கம்மா."

"மாங்கேணி. என்ட வீடு. என்ட கை. காய்ச்சல் அடிச்சா, புண் சிவந்தா ஆருக்கு ஃபோன் எடுக்கிற எண்டு அதையும் எழுதித் தாங்க."

வீட்டுக்கு விட்ட அன்று, மாங்கேணி வழியாகப் போகும் வாகரை பஸ்ஸில் இருவரும் ஏறியதும் சாமித்தம்பிக்குத் தங்கச்சியின் அழைப்பு வந்தது.

"பாய் விரிச்சு வெச்சிட்டு இரிக்கன், அண்ணன். எங்க நிக்கிறீங்க?"

"நாங்க மாங்கேணிக்குப் போறம்."

"ஆர் எடுத்த முடிவு இது?"

சாமித்தம்பி மனைவியைப் பார்த்தார். ஆண்டவன் கொடுத்த அதிகாரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கிவிட்டது போலும்.

"இந்தா, நீயே மச்சாளோட கதைச்சுக்கொள்" என்று ஃபோனை மனைவியின் மடியில் வைத்துவிட்டு, வழியோர வாவியில் ஏதோ காணாத புதினம் நடப்பதுபோல் வெளியே பார்க்கத் தொடங்கினார்.