விசில் பிடிக்கிற உதடு

என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் நிற்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. முறுக்கைக் கடைவாய்க்குத் தள்ளித்தான் உடைப்பேன். பால்கோவா ஒன்றுதான் எனக்கென்றே செய்த பலகாரம் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். காதோரம் தெறிக்கிற வலி எனக்குத்தானே தெரியும்!

நான் பி.டி. டீச்சர். வீடு ராஜபாளையத்தில், பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தாடையால் பேச்சு கொஞ்சம் குழறும். கத்தினால் இன்னும் குழறும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதனால் மைதானத்தில் நான் வாயைத் திறப்பதே இல்லை, விசில்தான் பேசும். நீளமாக ஒரு ஊது ஊதினால் ஒருத்தி அசையமாட்டாள். பல்லால் கவ்வ முடியாது என்பதால் அந்த விசிலை உதட்டாலேயே பிடித்துப் பழகியிருந்தேன்.

வலி தாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். இந்த வயதில் கம்பி மட்டும் போட்டால் போதாது, எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் கம்பி போட்டுப் பல்லை நேராக்கணும், அதுவரை தாடை இன்னும் நீளமாகத்தான் தெரியும் என்றும் சொன்னார். சொன்னபடியே தெரிந்தது. "என்ன டீச்சர், கம்பி போட்ட பொறவு இன்னும்லா நீளுது?" என்று பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "ராஜபாளையம் வரைக்கும் நீளும், நீங்க டிக்கெட்டக் கிழிங்க" என்றேன்.

அடுத்து, அறுக்கிற டாக்டரைத் தேட வேண்டியிருந்தது. அம்மாவும் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் கூடவே வந்தார்கள். மதுரையில் பார்த்த முதல் டாக்டர் கம்ப்யூட்டரில் என் முகத்தைப் போட்டு, தாடையைத் தள்ளி, "இப்படி ஆயிருவீங்க" என்று காட்டினார். அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. விசில் ஊத முடியுமா என்று கேட்டேன். "விசில்தானே? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தத் "தானே" எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டாவது டாக்டர் ஒரு பெண். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்து பார்ப்பார். அவரிடமும் அதையே கேட்டேன். "விசில் இருக்கா? ஊதுங்க" என்றார். ஊதினேன். வெளியே காத்திருந்த கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் என் கீழுதட்டை ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்.

"உதட்டுக்குப் போற நரம்பு தாடை எலும்புக்குள்ளதான் ஓடுது. அறுத்த பொறவு உதடு மரத்துப்போகும். நிறையப் பேருக்கு உணர்ச்சி திரும்பிரும். சிலருக்கு முழுசாத் திரும்பாது. உங்களால ஊத முடியும். ஆனா விசில் உதட்டுல இருக்கறதே தெரியாமப் போகலாம். அப்படி ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

அதோடு நிற்கவில்லை. தான் செய்த ஆபரேஷனில் உதட்டு உணர்ச்சி இன்னும் திரும்பாத ஒரு பெண் சுந்தரபாண்டியத்தில் இருக்கிறார் என்று சொல்லி, அங்கேயே போன் போட்டு அவரிடம் சம்மதம் கேட்டார். "போய்ப் பாத்துட்டு வாங்க. பொறவு முடிவு பண்ணலாம்."

அம்மாவுக்குப் பகீரென்றது. "ஏட்டி, சரியாவாத ஆளையே காட்டுதாவளே, இவியகிட்டயா கழுத்தக் குடுக்கப் போற?" சாமியிடம் கேட்டுவிடலாம் என்று மறுநாளே எங்களை அய்யனார் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மனசுக்குள் ஒரு டாக்டருக்கு வெள்ளை, இன்னொருவருக்குச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டு சாமி முன்னால் போட்டாள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அம்மா முழித்தாள். முழித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, யாரு?"

"வெள்ளை... யாருக்கு நெனச்சேன்? அய்யய்யோ, பதட்டத்துல மறந்துட்டேனே!"

அப்பா சிரித்த சிரிப்பில் கோவில் பக்கத்து அருவிக்குக் குளிக்கப் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "சாமி சரியாத்தான் சொல்லிட்டாரு. கேட்டவளுக்குத்தான் ஞாபகமில்ல." இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்றாள் அம்மா. ஒரு காரியத்துக்கு ஒருக்காதான் கேட்கணும் என்று பூசாரி கறாராகச் சொல்லிவிட்டார். இனி நான்தான் முடிவு செய்தாக வேண்டும். மலையடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சுந்தரபாண்டியம் போயிட்டு வாரேன்" என்றேன்.

அந்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். கறுக்கென்று ஒரு கடி! எனக்கு வயிறு எரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே உதட்டோரம் சாறு வழிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"வழியறது எனக்குத் தெரியாது. ஆனா கடிக்கேன்லா!"

"டாக்டர் மேல கோவம் வரலியாக்கா?"

"வராம? போன்லயே வஞ்சேன். வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சேன். அவிய போன வைக்கல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாவ. மறுவாரம் கூப்பிட்டு, இப்ப எப்படி இருக்குன்னு அவியளே கேட்டாவ. இன்னைக்கு வரைக்கும் கேக்காவ."

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையில் இல்லை. ஏதாவது ஆனால் இந்த டாக்டரம்மா போனை எடுப்பார். தன் கையால் சரியாக வராததைத் தானே கூப்பிட்டுக் காட்டுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது, சும்மா சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குத் தயாராவது என்றால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கஞ்சியை உறிஞ்சிக் குடித்துப் பழகுவது என்று நினைத்திருந்தேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "கண்ணாடி முன்னால நின்னு ஊதிப் பழகுங்க. விசில் எங்க உக்காந்திருக்குன்னு உதடு சொல்லலன்னாலும் கண்ணு சொல்லட்டும்." வீட்டுக் கண்ணாடி முன்னால் தினமும் ஊதினேன். பக்கத்து வீட்டு நாய் முதலில் ஓடியது, பிறகு பழகிக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்து, வீக்கம் வடிந்து, வாய் திறந்தது. கண்ணாடியில் யாரோ ஒருத்தி அழகாக நின்றாள். வலதுபக்க உதடு மெல்ல மெல்லத் திரும்பியது. இடதுபக்கம் வரவில்லை. ஒரு வாரம் அழுதேன். யாரோடும் பேசவில்லை, அந்த டாக்டரைத் தவிர.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலுவலக ஜன்னல் கண்ணாடியில் பார்த்து விசிலை வாயில் வைத்தேன். பாதி உதட்டில் அது இருக்கிற மாதிரியே இல்லை. கண் சொன்னதை நம்பி நீளமாக ஊதினேன்.

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பந்து மட்டும் துள்ளித் துள்ளிப் போய் ஓரமாக நின்றது.

டாக்டருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். போனுக்கு நேராக விசிலை ஊதினேன்.

"ஐயோ, காது!" என்றார். பிறகு அவர் சிரிப்பது கேட்டது.

"டீச்சர், இன்னொரு தடவை ஊதுங்க."