கொண்டையில் பென்சில்

உப்புத்தாளில் பென்சிலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார் அற்புதம். முனை ஊசியாக வேண்டும். கன்னத்தில் குத்திப் பார்க்கிறார். போதவில்லை, மறுபடி தேய்க்கிறார். பிறகு கொண்டையில் செருகிக்கொள்கிறார். படம் வாங்க வந்தவர் முகம் மலரும்வரை பென்சில் அங்கேதான் இருக்கும். பூசைக்குப் போனாலும் அப்படியே.

காரைக்கால் கடைத்தெருவில் ஸ்டுடியோ. பலகையில் கணவர் சூசைமுத்துவின் பெயர். கல்யாணமும் பாஸ்போர்ட்டும் அவருக்கு. குழந்தைகளைப் படமெடுப்பதும் நெகட்டிவ் திருத்துவதும் அற்புதத்துக்கு. இவர் கிலுகிலுப்பை ஆட்டமாட்டார். "என்னடா சேதி?" என்று குழந்தையைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வரும், அப்போதுதான் அழுத்துவார்.

போன மாதம் ஷரீபுன்னிசா கைக்குழந்தையோடு வந்தார். கணவர் குவைத்தில், மகனை இன்னும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை அங்கே புறப்படும் உறவுக்காரரிடம் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். குழந்தையோ தாயின் கை விலகினால் வீறிடுகிறது. வேறு ஸ்டுடியோக்களில் கைவிரித்துவிட்டார்கள்.

"நீங்களே மடியில வச்சுக்குங்களேன்."

"வேணாங்க்கா. அங்க ரூம்ல உள்ள ஆம்பளைங்கள்லாம் பாப்பாங்க. எம் மொகம் விழக்கூடாது. புள்ள மட்டும் வரணும்."

சூசைமுத்துவின் எட்டு முழ வேட்டியை எடுத்து ஷரீபுன்னிசாவைத் தலையோடு போர்த்தினார் அற்புதம். குழந்தையை அவர் மடிமேல் உட்காரவைத்து, வேட்டியின் மடிப்புகளை நீவிச் சரித்தார்.

"என்னடி இது, மூட்டை மேல கொழந்தயா?" என்றார் சூசைமுத்து.

"மூட்டை இல்ல. அலை."

"முழுகிடப் போறான்."

"எப்புடி முழுகுவான்? அடியில அம்மா இருக்காங்கள்ல."

வேட்டிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அதைக் கேட்டுக் குழந்தையும் சிரித்தது. அற்புதம் அழுத்தினார்.

கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் முன்பு எடுத்த கடல் நெகட்டிவ் ஒன்று இருந்தது. இருட்டறையில் அட்டையை வெட்டி, ஒரே தாளில் குழந்தையின் இடத்தை மறைத்துக் கடலையும், கடலை மறைத்துக் குழந்தையையும் பதித்தார். வேட்டி மடிப்பு கடலோடு சேர்ந்து அலையாகிவிட்டது. ஆனால் குழந்தையின் இடுப்பில் ஐந்து விரல்கள். பிடி நழுவாதிருக்கத் தாயின் கை வேட்டியை விட்டு வெளியே வந்திருந்தது.

"ப்ளேடால சுரண்டிடு" என்றார் சூசைமுத்து.

"சுரண்டுனா அந்த எடம் ஓட்டை மாரி கறுப்பா விழும். புள்ள வயிறு போயிடும். நீங்க சும்மா இருங்க."

நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். நெகட்டிவை விளக்குக் கண்ணாடிமேல் வைத்துக் குனிந்து, விரல் விரலாகக் கோடிழுத்தார். மறுபடி பதித்தபோது விரல்கள் நுரையாகியிருந்தன.

வியாழக்கிழமை மாலை ஷரீபுன்னிசா படத்தை வாங்கிப் பார்த்தார். கடல் நடுவே, ஓர் அலையின் உச்சியில், இரு கைகளையும் விரித்துச் சிரித்தபடி மகன்.

"அல்லாவே! வாப்பாகிட்ட கெளம்பிட்டியாடா நீ?" என்று இடுப்பில் இருந்தவனைக் கேட்டார். பிறகு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எங் கை எங்கக்கா?"

"புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு. நல்லாப் பாருங்க."

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார் ஷரீபுன்னிசா.

"அந்த நுரையையும் அழிச்சிடவா?" என்றார் அற்புதம்.

"ஏங்க்கா, மொகந்தானே வேணாம்னேன்?"

ஷரீபுன்னிசா நுரைமேல் தன் விரல்நுனிகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்தும் பொருந்தின.

அற்புதம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, டப்பாவில் போட்டு மூடினார்.