கைமாறிய மௌன விரதம்

இதை எழுதலாமா, வேண்டாமா... சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். சாமிக்கு நேர்ந்துகொண்டதை ஊரறியச் சொல்லலாமா? போன வாரம் மன்னார்குடி பஸ்ஸில் ஒரு தாய், பேச்சு வராத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வந்தார். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் பையன் சண்முகத்துக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். வாராவாரம் பயிற்சிக்கு அழைத்து வரச் சொன்னார்கள். நடவு நேரம், இரண்டு பஸ் மாற வேண்டும் — எப்படிப் போவது?

"வீடியோ கால்லயே சொல்லித் தரேன்" என்றார் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம். வீட்டில் சிக்னல் நிற்காது. வாய்க்கால் மதகில் உட்கார்ந்தால்தான் அவர் முகம் தெளிவாகத் தெரியும்.

சில வாரம் போனது. ஒருநாள் மேடம் கேட்டார்: "அம்மா ஏன் பின்னாடியே நிக்கிறாங்க? ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்குறாங்களே?"

"மௌன விரதம் மேடம். இவன் 'அம்மா'ன்னு கூப்பிடுற வரைக்கும் வாய் திறக்கறதில்லைன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கா."

  மேடம் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"பகல் பூரா குழந்தை யார்கூட இருக்கான்?"

"அவங்கம்மாகூடத்தான். நான் வயலுக்குப் போயிடுவேன்."

"அப்ப அவன் யார் பேச்சைக் கேட்டுப் பேசுவான், சார்?"

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மல்லிகா சிலேட்டில் எழுதிக் காட்டினாள் — 'பாதியில் விட்டால் சாமி குத்தம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?'

அவள் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பிள்ளை பேச வேண்டுமே! நேரே கோயிலுக்குப் போய், மிச்ச விரதத்தை அவளுக்குப் பதில் நான் இருக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன்.

"பொண்டாட்டி நேந்துக்கிட்ட காவடியைப் புருஷன் தூக்கறதில்லையா? அதுமாதிரிதான்" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா நீ வாயை மூடுவியா? ஆத்தாளே நம்ப மாட்டாளேப்பா!"

மூடினேன். மிச்ச விரதம் என்னுடையதானது.

மல்லிகா பேச ஆரம்பித்தாள் பாருங்கள்... அடைத்து வைத்த மடை திறந்த மாதிரி! தண்ணி மொண்டால் 'தண்ணி', கோழி வந்தால் 'கோழி'. மேடமே போனில் சிரித்துவிட்டார். "அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க! சொல்லிட்டு அவன் முகத்தைப் பாருங்க. அவன் முறை அது. சின்னச் சத்தம் குடுத்தாலும் உடனே பதில் சொல்லிடணும்."

அறுவடைக்கு முன்னால் ஒருநாள். மதகில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பையன் சட்டென்று திரும்பி, என் துண்டைப் பிடித்து இழுத்தான்.

"ப்பா."

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் வேண்டுதல் 'அம்மா'வுக்கு அல்லவா? அதுவரை நான் வாய் திறக்கக் கூடாதே! பையன் என் முகத்தையே பார்க்கிறான். பதிலுக்குக் காத்திருக்கிறான்...

"பதில் சொல்லுங்க!" மல்லிகாதான் கத்தினாள். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பிள்ளைகிட்ட பேசுங்க!"

"என்ன சாமி?" என்றேன்.

அன்று சாயங்காலமே அம்மனுக்கு விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள் மல்லிகா. ஒரு குத்தமும் வரவில்லை. 'அம்மா' வர இன்னும் பல மாதம் ஆனது. ஒரு வாரம்கூட மதகுக்குப் போகாமல் இருந்ததில்லை.

இப்படிக் காத்திருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதைப் போய்ச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் பையன் அன்று சொன்னது ஒரே ஒரு 'ப்பா' — அதை ஒன்பது வார்த்தையாக்கி, தன் பிள்ளைக்கு மட்டும் வரவில்லையே என்று அந்த வீட்டுத் தாயின் மனம் ஒடியும்படி செய்துவிடாதீர்கள்.