அடுத்தவர் கால் மேல் ஒரு நேர்த்திக்கடன்

திருச்சி பாலக்கரையில் நேர்த்திக்கடனுக்கு ஒரு தனி வசதி உண்டு. நேர்ந்துகொள்வது ஒருவர், நடப்பது வேறொருவர். சிறுவயதில் கிளமென்ட்டுக்கு டைபாய்டு கண்டபோது அவன் அம்மா வெள்ளையம்மாள், "பிள்ளை பிழைச்சா எங்க வீட்டுக்காரரு வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவாரு தாயே" என்று மாதாவிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் சவரிமுத்து அப்போது பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டூட்டியில் இருந்தார். சாயங்காலம் வீடு திரும்பிய பிறகுதான் தன் கால்களுக்கு நேர்ந்த கதி அவருக்குத் தெரிந்தது.

பிள்ளை பிழைத்தான். சவரிமுத்து நடக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை, மழை வருகிறது, முழங்கால் வலிக்கிறது என்றே வருஷங்கள் போயின. "மாதாவையே ஏமாத்துற மனுசன்" என்று வெள்ளையம்மாள் சோறு போடும்போதெல்லாம் குழம்போடு சேர்த்து ஊற்றினாள். 1957 தவக்காலத்தில் அவர் நடக்காமலேயே கண்ணை மூடிவிட்டார்.

மறு வருஷம் ஆகஸ்டில் அவள் அறிவித்தாள். "மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கிறாரு. அவருக்குப் பதிலா நான் நடக்கிறேன். நீயும் வா."

 அவளுக்கு இளைப்பு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும். வேளாங்கண்ணியோ தஞ்சாவூர் தாண்டி, திருவாரூர் தாண்டி, கடலோரத்தில் இருக்கிறது.

கால் பழக, இருவரும் விடியற்காலையில் செருப்பில்லாமல் காவிரிப் பாலம் வரை நடக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் பாலத்தின் நடுவில் அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். போன மூச்சு திரும்பி வர மறுத்தது. உதடு நீலம் பாய்ந்தது. ஸ்ரீரங்கத்துக்குப் பூ கொண்டுபோன ஒருத்தி கூடையை இறக்கிவைத்து அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போங்க பெரியம்மா."

"சும்மா காத்து வாங்குறேன்" என்றாள் வெள்ளையம்மாள், வாங்க முடியாமல்.

அன்றே கிளமென்ட் அம்மாவுக்குத் தெரியாமல் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனான்.

"நேர்ந்தது யாரு?"

"அம்மாங்க சாமி."

"நடக்க வேண்டியது?"

"அப்பா."

"அவரு சம்மதிச்சாரா?"

"டூட்டியில இருந்தாருங்க."

"அப்ப செல்லாது. அடுத்தவன் காலை நேர்ந்துவிட யாருக்கும் உரிமை கிடையாது."

கிளமென்ட் வீட்டுக்குச் சைக்கிளில் பறந்தான். காந்தி மார்க்கெட் முனையில்தான் அவனுக்கு உறைத்தது. நேர்த்தி செல்லாதென்றால் அப்பா அத்தனை வருஷம் வாங்கிய ஏச்சும் வீண்தானே? சொன்னால் அம்மாவின் மனசு உடையும். சொல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் திருவெறும்பூர் தாண்டுவதற்குள் மூச்சு நிற்கும்.

வீட்டில் அவள் வழிக்குச் சத்துமாவு வறுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டான்.

கரண்டி நின்றது. "அப்ப அவரு மேல குத்தம் இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப நான்தான் சும்மா சும்மா..."  மாவு தீயத் தொடங்கியது. கிளமென்ட் சட்டியை இறக்கினான். அவள் நெஞ்சில் விசில் சத்தம் மெல்லக் கிளம்பியது. இன்றைக்கு அழுதால் இளைப்பு அவளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மாத்திரையைத் தேடினான்.

அவள் அழவில்லை. எழுந்து மாதா படத்தின் முன் முக்காடு போட்டுக்கொண்டாள். "அவரை விட்டுடு தாயே. இது என் வாயி, என் காலு. வாயில்லாத மனுசனை வைஞ்சதுக்கு நான் நடந்து வரேன்."

 செல்லாத நேர்த்தியைத் தள்ளப்போய்க் கிளமென்ட் செல்லுபடியாகும் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான்.

"ஒன்னால முடியாதும்மா."

"ஒன்னைய நான் சேக்கலையே. அடுத்தவன் காலை நேரக் கூடாதுன்னு சாமியாரே சொல்லிட்டாரு. நீ ஷிப்டுக்குப் போ."

தனியாகப் போய்விடுவாள். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"நானும் வரேன் தாயே. அம்மாவுக்கு இளைச்சா மாட்டுவண்டியில ஏத்திருவேன். அதுக்கும் சேர்த்துத்தான் நேந்துக்கிறேன்."

"வண்டியில ஏறப்போறது யாரு காலு?"

"ஒன் காலுதான். அதான் ஒன்னையக் கேக்குறேன்."

வெள்ளையம்மாள் முக்காட்டை எடுக்காமலே யோசித்தாள். மூச்சு ஒருமுறை சிக்கி விடுபட்டது.

"சரி, தஞ்சாவூரு தாண்டுற வரைக்கும் மட்டும் ஏத்தாத" என்றாள்.